மணம் இருவர் வாய்மொழி. அதற்குச் சான்று யார்?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழன்பர் கூடிய அவைகளில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)

  

திண்டிவனம் என்னும் பெயரின் பொருளை அவ்வூர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் பலரும் விழிப்பர். திந்திரிணி என்பது புளிக்குச் சமற்கிருதத்தில் வழங்கும் பெயர். வனம் என்பது காடு. திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். புளியங்காடு என்றே இருந்திருப்பின் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் விளங்கியிருக்கும். ஆயினும், ஊர்ப்பெயர் விளங்காமையால் எவர் வாழ்வும் கெட்டுவிடுவதில்லை. புளியமரமும் காய்ப்பதை நிறுத்திக்கொள்வதில்லை. ஆனால், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தம் வாழ்நாள் முழுமையையும் ஒருவர்பால் ஒருவர் ஒப்படைக்கும் வேளையில் சொல்லப்பெறும் சொற்கள் அவ்விருவர்க்குமே விளங்காமற் போனால் அதனை என்னென்பது?

ஒரு செண்டு நிலம் விற்பதற்குச் சார்பதிவாளர் அலுவலகம் செல்கின்றார் ஓர் உழவர். அவர் எழுத்தறியாதவராயின் ஆவணத்தைப் படித்துக் காட்டுவர். பொருள் விளங்கிற்று என்று அவர் ஒப்பிய பின்னரே கைந்நாட்டுப் பெறுவர். தமக்குத் தெரியாத மொழியில் எழுதிய ஆவணத்தில் கைந்நாட்டிட எந்த உழவரும் ஒப்பார். ஒரு செண்டு நிலத்திற்கு இத்துணை விழிப்பாயிருக்கும் தமிழர், பெற்ற மகளின் வாழ்க்கை ஆவணத்தை மட்டும் விளங்காத மொழியில் எவரோ ஓதக் கேட்டு, பொருள் வினவாமல் மலர்தூவி எழுந்து பந்திக்குச் செல்கின்றனர். இதனைத் தமிழியக்கத்தார் பல்லாண்டுகளாக எடுத்துக் கூறி வருகின்றனர். கூறியதில் பிழையில்லை. ஆனால், கூறவேண்டியதில் பாதியைத்தான் கூறினர். மறுபாதியைக் கூறுவதே இப்பொழிவின் நோக்கமாகும்.

மணத்தைத் தருபவர் யார்? ஓதுகின்ற பூசகரா? கையில் நீர்வார்த்துக் கொடுக்கின்ற தந்தையா? ஒப்புதல் வழங்குகின்ற ஊரும் சாதியுமா? பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் அரசா? இந்நால்வரும் தத்தமக்கே உரிமை என்கின்றனர். மணம்புரியும் இருவரையோ எவரும் கேட்பதில்லை. திருமணம் என்பது ஒரு குடிமை உரிமை என்னும் கருத்து, இந்நால்வர் கையிலிருந்தும் அதனை மீட்டு அவ்விருவர் கையில் சேர்ப்பதாகும்.

பழந்தமிழர் கண்ட மணம்

அகநானூற்றின் 86ஆம் பாட்டையும் 136ஆம் பாட்டையும் கற்றோர் அறிவர். முன்னது நல்லாவூர்கிழார் பாடியது. பின்னது விற்றூற்று மூதெயினனார் பாடியது. பந்தலின்கீழ்ப் புதுமணல் பரப்பியிருக்கின்றனர். விளக்கும் மாலையும் விளங்குகின்றன. உழுந்து கலந்த உணவும், நெய்யும் இறைச்சியும் கலந்த சோறும் வந்தார்க்குக் குறைவின்றி வழங்குகின்றனர். முதுபெண்டிர் நீர்க்குடம் சுமந்து வருகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி, கணவன் விரும்பிப் பேணும் துணையாகுக என வாழ்த்துகின்றனர். அங்கு எரியோம்பல் இல்லை. ஓதுவார் எவரும் இல்லை. வாழ்த்தியவர் பெண்டிர், வாழ்த்திய மொழி அவர்தம் தாய்மொழி.

தொல்காப்பியக் கற்பியலோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. கொடுத்தற்குரியோர் கொடுக்கக் கொள்வது கரணம் என்று முதலில் கூறிய ஆசிரியர், அடுத்த நூற்பாவிலேயே கொடுப்பவர் இல்லாத கரணத்தையும் ஏற்றுக்கொள்கின்றார். காதலர் இருவர் உடன்போக்கில் சென்றுவிட்டவிடத்துப் பெற்றோர் கொடாராயினும் அவர்தம் மணம் மணமே என்பது அதன் கருத்து. பெற்றோர் ஒப்புதல் இல்லாத மணத்தையும் தமிழ் இலக்கணம் வகைப்படுத்தி இடமளித்துள்ளது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்பே கரணத்தைச் சான்றோர் வகுத்தனர் என்றும் அந்நூல் கூறுகின்றது. அஃதாவது, மணத்திற்கு உயிர் அன்பு. கரணம் அதற்கு வேலி. வேலி பயிரைக் காக்க வந்ததேயன்றி, பயிரை விளைவித்தது அன்று.

இவ்விடத்து ஒன்றை மறையாது கூறல் வேண்டும். சிலப்பதிகாரக் காலத்தே கோவலன் கண்ணகி மணம் முதுபார்ப்பான் மறைவழி காட்ட, தீவலம் வந்து நிகழ்ந்ததாக அடிகளே பாடியுள்ளார். ஆகவே, வேள்விச்சடங்கு நேற்று வந்தது என்று எவரும் சொல்லுதல் ஆகாது. நெடுங்காலத்திற்கு முன்பே அது நுழைந்தது. ஆயினும், நுழைந்தது என்பதே அதற்கு முன்பும் மணம் இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

சொற்களையும் எண்ணிப் பாருங்கள். மணம், வதுவை, வரைவு என்பன தமிழ். விவாகம் என்பதற்கு எடுத்துச் செல்லுதல் என்பது பொருள். கன்னிகாதானம் என்பதற்குக் கன்னியைக் கொடைப்பொருளாகக் கொடுத்தல் என்பது பொருள். ஆவையும் பொன்னையும் கொடை கொடுக்கலாம். உயிரும் உள்ளமும் உடைய ஒருத்தியை எங்ஙனம் கொடை கொடுப்பது?

வழக்கேறிய மணங்கள்

தந்தை பெரியார் இவ்வினாவை ஊர்தோறும் எழுப்பினார். 1928ஆம் ஆண்டு மே மாதம் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் அவர் நடத்தி வைத்ததே முதல் தன்மானத் (சுயமரியாதைத்) திருமணம் எனப் போற்றப்படுகின்றது. பூசகர் இல்லை, தீ இல்லை, நாள் கோள் பார்த்தல் இல்லை. அதன்பின் நாடெங்கும் இவ்வகை மணங்கள் பல்கின.

ஆனால், ஊர் ஏற்ற மணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. 1934ஆம் ஆண்டு நடந்த ஒரு தன்மானத் திருமணம் பற்றிய வழக்கில், 1953ஆம் ஆண்டு சென்னை உயர்முறை மன்றம் (உயர்நீதிமன்றம்) அம்மணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சடங்கும் இல்லை, வழக்காறு என்று கொள்வதற்கு அது நெடுநாள் பழமையுடையதும் அன்று என்பது அம்மன்றம் காட்டிய அடிப்படை. இதன் விளைவு யாதெனின், நூற்றுக்கணக்கானோர் முன் கைப்பிடித்தவள் சட்டத்தின் கண்ணில் மனைவி ஆகாள். அவள் வயிற்றுப் பிள்ளைகளின் உடைமையுரிமை ஐயத்திற்கிடமாகும். கொள்கைக்காக மணந்தவர்கள் கணவன் இறந்த மறுநாளே பங்காளிகளின் வழக்குக்கு அஞ்ச வேண்டியதாயிற்று. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் வழக்காற்றுச் சடங்கையே மணத்திற்கு அடிப்படையாக வைத்தது.

சட்டத்தால் மணத்தைத் திருத்தும் பணி இப்பகுதிக்குப் புதிதன்று. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமியார், 1947 முதல் 1949 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராய் இருந்தார். அவர் காலத்தில்தான் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் கொடுவழக்கம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அவர் காலத்துச் சட்டமன்றமே, ஒருவன் மனைவியிருக்க மற்றொருத்தியை மணப்பதைத் தடுத்து, மணவிலக்குக்கும் வழி செய்த 1949ஆம் ஆண்டின் 6ஆம் சட்டத்தை இயற்றியது. இந்திய நடுவண் சட்டம் வருவதற்கு ஆறாண்டு முன்னரே இது நிகழ்ந்தது. ஓமந்தூரார் இறைப்பற்று மிக்கவர். இறைப்பற்றுடையவரும் மணத்தைக் குடிமைப் பொருளாகக் கருதிச் சட்டத்தால் ஒழுங்கு செய்ய இயலும் என்பதற்கு அவரே சான்று.

‘அல்லது’ என்னும் ஒரு சொல்

1967ஆம் ஆண்டு அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். அவ்வாண்டே இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்க்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்னும் பெயர் 1969 சனவரியில் நடைமுறைக்கு வருவதற்கும் ஓராண்டு முன்னரே தமிழ்நாட்டு மணத்திற்கு உரிமை வந்துவிட்டது. பின்னாளில் விழுப்புரத்தை ஒட்டியுள்ள புதுவையும் இப்பிரிவை ஏற்றுக்கொண்டது.

அப்பிரிவு கூறுவது இது: உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்கு விளங்கும் எந்த மொழியிலேனும் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், இல்லையேல் ஒருவர் விரலில் ஒருவர் கணையாழி (மோதிரம்) அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். இவற்றுள் ஒன்று நிகழினும் மணம் நிறைவுறும். சட்டம் வருமுன் இம்முறையில் நடந்த மணங்களுக்கும் பிரிவு உரிமை வழங்கியது. அதனால், நாற்பதாண்டுக் காலம் வாயிலில் நின்ற மனைவியரும் மக்களும் சட்டத்தின் வீட்டுக்குள் நுழைந்தனர்.

இலக்கணம் கற்றார் இங்கு ஒன்றைக் காணலாம். அம்மூன்று செயல்களையும் எண்ணும்மை கொண்டு இணைத்திருந்தால் மூன்றும் வேண்டும். தாலியில்லா மணம் மணமாகாது. சட்டமோ ‘அல்லது’ என்னும் சொல்லால் இணைத்தது. தாலி வேண்டுவார் கட்டிக்கொள்ளலாம், வேண்டாதார் விடலாம். ஓர் இடைச்சொல் எத்துணைப் பெண்களின் கழுத்தைச் சட்டக் கட்டாயத்தினின்றும் விடுவித்தது!

மேலும் இரண்டு காண்க. அப்பிரிவில் கொடுப்பவர் என்று ஒருவர் இல்லை. தொல்காப்பியர் இரண்டாவதாகக் கூறிய கரணம் அங்கே சட்ட வடிவம் பெற்று நிற்கின்றது. மொழியும் இருவர்க்கும் விளங்குவதாய் இருத்தல் வேண்டும் என்பதால், தாய்மொழிக்கு மணமேடையில் சட்டவழியான இருக்கை கிடைத்தது.

இப்பிரிவு விடுதலை மட்டும் தரவில்லை; கடமையும் சுமத்தியது. மனைவியிருக்க மற்றொருத்தியை மணந்த ஒருவர், அவ்விரண்டாம் மணத்தில் ஏழடி நடத்தல் (சப்தபதி) நிகழவில்லை, ஆகவே அது மணமேயன்று எனச் சொல்லித் தப்ப முயன்ற வழக்கொன்று உச்சமுறை மன்றம் (உச்சநீதிமன்றம்) வரை சென்றது. தமிழ்நாட்டில் 7அ பிரிவின்படி மாலை மாற்றித் தாலி கட்டியதே மணத்திற்குப் போதும் என 2001ஆம் ஆண்டு அம்மன்றம் கூறி, அவர் தப்பும் வழியை அடைத்தது. எளிய மணமும் இறுக்கமான மணமே என்பதை இவ்வழக்கு காட்டிற்று.

அதே ஆண்டில் அமெரிக்காவில்

அண்ணாவின் அரசு இச்சட்டத்தை இயற்றிய அதே 1967ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பாலும் இவ்வினா தீர்ப்பை எய்திற்று. அமெரிக்காவின் வர்சீனியா மாநிலத்தில் வெள்ளையரும் பிறரும் தம்முள் மணத்தல் குற்றம். ரிச்சர்டு இலவிங் என்னும் வெள்ளை இளைஞரும் மில்டிரெட் என்னும் கறுப்பினப் பெண்ணும் 1958ஆம் ஆண்டு வாசிங்டன் நகருக்குச் சென்று மணந்து ஊர் திரும்பினர். சில கிழமைகளில் நள்ளிரவில் காவலர் வீடு புகுந்து அவர்களைத் தளைசெய்தனர். ஓராண்டுச் சிறை; இருபத்தைந்தாண்டு ஒன்றாக மாநிலத்துள் நுழையாதிருப்பின் அதனை நிறுத்தி வைப்பதாகத் தண்டம். 1967 சூன் 12ஆம் நாள் அந்நாட்டு உச்சமுறை மன்றம், மணம் மாந்தரின் அடிப்படைக் குடிமை உரிமைகளுள் ஒன்று என்று ஒருமனதாகக் கூறி அத்தடையை உடைத்தது. அதுவரை பதினாறு மாநிலங்களில் அத்தகைய தடை இருந்தது.

அங்குத் தடுத்தது சட்டம். நிறவெறி அதன் உள்ளீடு. இங்குச் சட்டம் தடுக்கவில்லை, சாதி தடுக்கின்றது. சட்டத்தை ஒரு தீர்ப்பால் மாற்றலாம். சாதியை எந்தத் தீர்ப்பால் மாற்றுவது?

உரிமை இன்று நிற்கும் இடம்

அகவை நிறைந்த ஒருவர் தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்வது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் உரிமை என 2018ஆம் ஆண்டு உச்சமுறை மன்றம் இரு வழக்குகளில் கூறியது. இருவர் ஒப்பியபின் குடும்பத்தின் ஒப்புதலோ குலத்தின் ஒப்புதலோ வேண்டா என்றும், மாவட்டந்தோறும் அத்தகையோரைக் காக்கத் தனிப்பிரிவு வேண்டும் என்றும் அதுவே கட்டளையிட்டது.

ஆனால், 2023 அக்தோபர் 17ஆம் நாள் ஒருபால் இணையர் தொடுத்த வழக்கில் ஐந்து நடுவர் கொண்ட ஆயம், மணம்புரியும் உரிமையை அரசமைப்பு தானாக ஓர் அடிப்படை உரிமையாக வழங்கவில்லை என்று ஒத்துக் கூறியது. துணையைத் தேர்வது உரிமை. ஆயின், எவ்வகை இணைப்பை மணம் என ஏற்பது என்பது சட்டமன்றங்களின் பொறுப்பு என்பது அதன் சாரம். அத்தீர்ப்பைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டாலும் ஒன்று தெளிவு: மணவுரிமை வானிலிருந்து விழவில்லை; 1967இல் போல மக்கள் மன்றத்தில் வென்றெடுத்த அளவே அது இருக்கும்.

அச்சட்டத்தின் எல்லை விரியவும் செய்கின்றது. பழைய விழுப்புர மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும் கூவாகத்தைத் தமிழகம் அறியும். சித்திரைதோறும் திருநங்கையர் அங்குக் கூத்தாண்டவர்க்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாளே அதனை அறுத்து அழுவர். கடவுள் முன் ஒருநாள் மனைவியாக மட்டும் இருக்க ஒப்பப்பட்ட அவர்களுக்கு, ஆண்டு முழுதும் மனைவியாக இருக்கும் உரிமையை 2019 ஏப்பிரலில் மதுரை உயர்முறை மன்றக் கிளை வழங்கியது. மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று அது பொருள்கொண்டு, பதிவு மறுக்கப்பட்ட ஒரு மணத்தைப் பதிந்திடக் கட்டளையிட்டது. சொற்பொருள் ஆய்வு புலவர்க்கு மட்டும் உரியதன்று. அஃது ஓர் உயிரின் வாழ்வையும் தீர்மானிக்கும்.

புதுக்கூரைப்பேட்டை

விழுப்புரம் சந்திப்பில் திருச்சி நோக்கிச் செல்லும் தொடர்வண்டியில் ஏறினால், உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்து அடுத்து வரும் பெருநிலையம் விருத்தாசலம் என்னும் முதுகுன்றம். அதனை அடுத்த சிற்றூர் புதுக்கூரைப்பேட்டை. 1993 வரை விழுப்புரமும் அவ்வூரும் ஒரே தென்னார்க்காட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

அவ்வூரைச் சேர்ந்த முருகேசன் பொறியியல் பட்டம் பெற்றவர், பட்டியலினத்தவர். கண்ணகி வணிகவியல் பட்டம் பெற்றவர், வன்னியர் குடியினர். இருவரும் 2003ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் கடலூரில் தம் மணத்தைப் பதிவு செய்தனர். சட்டம் கேட்டவை அனைத்தும் அவர்களிடம் இருந்தன: அகவை இருந்தது, ஒப்புதல் இருந்தது, பதிவும் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, சூலை 8ஆம் நாள், பெண் வீட்டார் அவ்விருவரையும் பிடித்துவந்து, ஊரார் பார்த்திருக்க நஞ்சூட்டிக் கொன்றனர், உடல்களை எரித்தனர். காவல் நிலையம் வழக்கெழுதவும் நாட்கள் ஆயின. பின்னர் வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாறிற்று. 2021 செப்தம்பரில், பதினெட்டு ஆண்டு கழித்துக் கடலூர் மன்றம் பதின்மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்து, கண்ணகியின் உடன்பிறந்தானுக்குத் தூக்கும் ஏனையோர்க்கு வாழ்நாள் சிறையும் விதித்தது; அவர்களுள் இருவர் காவல்துறையினர். 2022இல் உயர்முறை மன்றம் தூக்கை வாழ்நாள் சிறையாக மாற்றி, இருவரை விடுவித்தது. 2025 ஏப்பிரல் 28ஆம் நாள் உச்சமுறை மன்றம் குற்றவாளிகளின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

அந்தப் பெண்ணின் பெயரை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தமிழ் பெற்ற காப்பியத்தின் தலைவி பெயரை மகளுக்கு இட்டவர்களே அவளை எரித்தனர். பெயர் தூய தமிழ்ப் பெயர்தான். பெயர் அவளைக் காக்கவில்லை.

ஊரார் பார்த்திருக்க என்று மேலே கூறப்பட்டது. 7அ பிரிவு கேட்பதும் பார்த்திருப்போரைத்தான். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் என்கின்றது சட்டம். மணத்திற்கு வேண்டிய முன்னிலை கொலைக்குக் கிடைத்தது. அவ்வூரில் அன்று சான்றாளர்க்குப் பஞ்சமில்லை; அவ்விருவர் பக்கம் நின்று சான்று கூறத்தான் ஆளில்லை.

தமிழ்த் திருமணத்தின் மறுபாதி

தமிழன்பர் இல்லத்து மணவழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். திருவள்ளுவர் ஆண்டு இருக்கும். வடசொல் ஒன்றும் இராது. மேடையில் திருக்குறள் ஒலிக்கும். இசையும் தமிழ், வாழ்த்தும் தமிழ். எல்லாம் நன்று. ஆனால், மணமகன் மணமகள் இரு வீட்டாரும் எக்குடியினர் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். அவ்விணையைத் தேர்ந்தது தமிழன்று; சாதி. சாதி தேர்ந்துகொடுத்ததைத் தமிழ் வாழ்த்தி அனுப்புகின்றது. பூசகரை வெளியேற்றிய வாயிலிலேயே சாதியை உள்ளே அமர்த்தி வைப்பது எங்ஙனம் தமிழ்த் திருமணம் ஆகும்?

மறைமொழியை நீக்கியது முதற்பாதி. மணம்புரிவோரின் சொந்த ஒப்புதலை, அது எக்குடியினரைத் தேர்ந்தாலும், ஏற்று நிற்பதே மறுபாதி. முதற்பாதிக்குப் புலமை போதும். மறுபாதிக்கு நெஞ்சுரம் வேண்டும்.

நெஞ்சுரத்தோடு செயலும் வேண்டும். மணமேடையில் தமிழ் ஓதும் புலவரும் தமிழாசிரியரும் தமிழ் மன்றத்தாரும் சட்டத்தைக் கற்றல் வேண்டும். மணமகனுக்கு இருபத்தொன்றும் மணமகளுக்குப் பதினெட்டும் நிறைந்திருத்தல் வேண்டும். இருவரும் இந்துச் சட்டத்தில் அடங்குவோராயின் 7அ பிரிவு போதும். வெவ்வேறு சமயத்தாராயின் 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் உண்டு. அதில் முப்பது நாள் முன்னறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும். அந்த முப்பது நாளே வேண்டாதார்க்குத் தூதாகி, இணையர்க்கு இடர் விளைக்கும் காலமாதலின், அப்போது பாதுகாப்பான உறைவிடம் ஒன்று வேண்டும். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி எச்சமயத்தார் மணமும் தொண்ணூறு நாளில் பதியப்பெற வேண்டும். ஆனால், பதிவுச் சான்று மட்டும் மணமாகிவிடாது. சடங்கின்றிச் சான்று பெற்ற வடபுலத்து இணையர் ஒருவரின் மணம் செல்லாது என்று 2024இல் உச்சமுறை மன்றம் தீர்த்தது. ஆகவே, இருவரும் சான்றாளர் முன் தமிழில் உறுதிமொழி சொல்லி, அதனை எழுத்தில் வைத்துக்கொண்ட பின்பே பதிவுக்குச் செல்லுதல் வேண்டும். எந்நிலையிலும் அகவை நிறைந்தார்க்குப் பெற்றோர் கையொப்பம் சட்டப்படி வேண்டுவதில்லை.

பெருங்கூட்டம் வேண்டும் என்பதும் இல்லை. வழக்குரைஞர் அறையில் நடக்கும் மணம் செல்லாது என 2014இல் உயர்முறை மன்றம் கூறியிருந்தது. 2023 ஆகத்து 28ஆம் நாள் உச்சமுறை மன்றம் அதனை மறுத்து, குடும்பத்தின் அச்சுறுத்தலுக்கு ஆளான இணையர் ஊரறிய விழா எடுக்க இயலாது. 7அ பிரிவும் அதனைக் கேட்கவில்லை என்று தெளிவாக்கியது. ஆகவே, ஒரு சிற்றறையில் நான்கு நல்லோர் கூடினும் மணம் மணமே.

சாதிவெறிக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் வகுப்பதற்குப் பரிந்துரை தர, 2025 அக்தோபரில் தமிழ்நாட்டரசு ஓய்வுபெற்ற நடுவர் பாசா தலைமையில் ஆணையம் ஒன்றை அறிவித்தது. சட்டம் வேண்டுவதே. ஆயினும், கொலைக்குப்பின் வரும் சட்டத்தினும் மணத்தின்போது வந்து நிற்கும் மாந்தரே முதற்காவல். புதுக்கூரைப்பேட்டையில் சட்டம் இருந்தது, மாந்தர்தாம் இல்லை.

எனவே, தமிழன்பர்களே! அடுத்த முறை ஓர் இளைஞனும் ஒரு நங்கையும் வீட்டார்க்கு அஞ்சி, பைக்குள் பள்ளிச் சான்றிதழை வைத்துக்கொண்டு, விழுப்புரம் பேருந்து நிலையத்திலோ திண்டிவனம் பேருந்து நிலையத்திலோ இறங்கி, தம் பழைய தமிழாசிரியரின் வீட்டு வாயிலில் வந்து நின்றால், அவ்வாயில் திறக்க வேண்டும். எந்தச் சாதி என்னும் வினா அங்கு எழுதல் ஆகாது. அகவை நிறைந்ததா, இருவர்க்கும் ஒப்புதல் உண்டா என்னும் இரண்டே வினாக்கள் போதும். இரண்டுக்கும் ஆம் என்னும் விடை வருமானால், அவ்வாசிரியர் தம் மேலாடையை எடுத்துத் தோளில் இட்டுக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றாளர் இடத்தில் தம் கையொப்பத்தைத் தமிழில் இடுதல் வேண்டும்.

சட்டம் உறவினர் என்றது, உறவினர் வாரார். நண்பர் என்றது, நண்பர் அஞ்சுவர். பிறர் என்றும் ஒரு சொல்லை அது சேர்த்து வைத்திருக்கின்றது. அந்தப் பிறர் யார் என்று சட்டம் சொல்லவில்லை. அதற்குப் பொருளாய் நிற்பது தமிழன்பர் கடன்.